தண்ணீருக்குள் மீனைத் தேடச் சொன்ன வீடியோ

குமரா,

நேற்று போனில் நீ கடைசியாகச் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபம்தான், வேறென்ன. "அந்த ஆளு மண்டபத்துக்குள்ள கால வெச்சா, தாலிய தட்டுலயே போட்டுட்டு எழுந்து போயிடுவேன்" என்று பெற்றவளிடம் சொல்கிறாய். போனில் நான் ஒன்று கத்த, நீ ஒன்று கத்த, நடுவில் உன் அப்பா வந்து செல்லைப் பிடுங்க, கடைசியில் பேச வேண்டியது பேசாமலே போயிருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. தை பிறந்ததும் கல்யாணம். அதற்குள் உன் மாமன் எல்லப்பனைப் பற்றி உனக்குத் தெரியாத சிலதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு நீ மணையில் உட்காருவாயோ எழுந்து போவாயோ, அது உன் இஷ்டம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தம்பிக்காகப் பரிந்து பேச இதை எழுதவில்லை. அந்த வேலைக்கு உன் அப்பா இருக்கிறார். செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து இருந்து, தெருநாய் கடித்தால்கூட நாயின் தரப்பு என்ன என்று கேட்கிற மனிதர். நான் அப்படி இல்லை. எல்லப்பன் உன்னை அடித்தது அடித்ததுதான். உன் இடது கண் ஓரத்தில் இன்றைக்கும் பார்வை மங்கல். அந்தப் பக்கம் யார் வந்தாலும் இடித்துக்கொள்கிறாய். கீழ்வரிசையில் இரண்டு பல் கட்டிய பல். இதையெல்லாம் செய்தவன் என் கூடப்பிறந்தவன் என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. அதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்கவும் இல்லை. அது உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. நீ அப்போது தரையில் கிடந்தாய்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த சமயம். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் நம் பிரவுசிங் சென்டர், பிளைவுட் தடுப்பு வைத்த நாலைந்து கேபின், கல்லாவில் நான். வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு மெயில் அனுப்ப வருவார்கள். சிற்பக் கூடத்து ஆட்கள் சிலையின் போட்டோவை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி உன்னைத் தேடி வருவார்கள். சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து நீ பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டால் கடை உன்னுடையது. அப்போதுதான் எங்கிருந்தோ அந்த வீடியோவை இறக்கி வைத்தாய். ஒரு வெளிநாட்டு ஏரி, அசையாத தண்ணீர், கரையில் பச்சைப் பசேலென்று மரங்கள். இதற்குள் ஒரு மீன் இருக்கிறது, உற்றுப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், ஒலியைக் கூட்டி வையுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். ஆள் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பிணமுகம் ஸ்கிரீன் முழுக்க எழும்பி, காது கிழியக் கத்தும். அவ்வளவுதான் அந்த வீடியோ. அதை வைத்து அந்தத் தெருவையே நீ ஒரு கை பார்த்தாய்.

டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைச் சுவரில் அடித்தார். சிற்பக் கூடத்து மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டு, வாயெல்லாம் ரத்தமாகச் சிரித்தார். உன் அப்பா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்து, வாரம் முழுக்க முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டார். "இதுக்கு ஐ.பி.சி.யில கண்டிப்பா ஒரு செக்ஷன் இருக்குடா, பார்த்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். பயந்தவன் ஒவ்வொருவனும் மறுநாள் இன்னொருத்தனின் தோளில் கை போட்டுக் கூட்டி வந்தான். தான் மட்டும் ஏமாந்தவனாக இருக்க யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடி, யார் எப்படித் துள்ளுவார்கள் என்று நானே உன்னிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அப்புறம் எல்லப்பன் வந்தான். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்குக் கிடைத்த ஃபைபர் படகில் அவன்தான் முன்பக்கம் நிற்கிறவன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, சுழிப்பைப் பார்த்து, எங்கே வலை போடலாம் என்று அவன் கையைக் காட்டினால்தான் மற்ற நாலு பேரும் வலையை எடுப்பார்கள். அவனிடம் போய் தண்ணீருக்குள் மீன் இருக்கிறது, கண்டுபிடி என்று சொன்னால் சும்மா இருப்பானா? மற்றவர்கள் விளையாட்டாக உட்கார்ந்தார்கள். அவன் ஒருத்தன்தான் அதை வேலையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, இதுல ஒரு மீனு கீதாம். ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியல" என்றாய்.

"இன்னா மீனு?"

"அத நீதான் பாத்துச் சொல்லணும்."

பக்கத்தில் நின்று, துபாயிலிருந்து உன் சிநேகிதனின் அண்ணன் உனக்குக் கொண்டு வந்து கொடுத்த கேமரா செல்லைத் தூக்கிப் பிடித்தாய். கேபினைச் சுற்றிக் கூட்டம். எல்லப்பன் ஸ்கிரீனுக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, மெதுவாகப் பேச ஆரம்பித்தான். "இது ஏரித்தண்ணி. காத்து அந்தாண்டேருந்து வருது. ஆழம் ஒன்னியும் பெருசா இல்ல. இரு, இரு. மர நெழலாண்ட கலங்குது பாரு. கீதுடா, கெண்டையா இருக்கும்." இல்லாத மீனை அவன் கண்டுபிடித்தே விட்டான். அந்த நேரம் பார்த்து முகம் எழும்பியது.

அவன் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நீ பின்னால் போய் பிரிண்டர் மேஜையில் மோதி விழுந்தாய். எல்லப்பன் எழுந்து, கால்களை அகட்டி, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்து நின்றான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. யாரோ, "கூத்துல ராசா வேசம் கட்டுனவன் மாதிரி நிக்கிறான் பாரு" என்றார்கள். அந்தக் கூட்டத்தில் அதிகமாகச் சிரித்தது நான். அவன் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். கையைக் கீழே போட்டான். செருப்பை மாட்டிக்கொள்ளாமலே போய்விட்டான். உன்னை அடித்தவனை நான் என்ன செய்தேனோ அதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அந்தச் சிரிப்புக்கு மட்டும் வருத்தம் உண்டு.

அதோடு விட்டிருந்தால் மற்றவர்களைப் போல அவனும் நாலு நாளில் மறந்திருப்பான். நீ விடவில்லை. செல்லில் எடுத்ததை புளூடூத்தில் சிநேகிதனுக்கு அனுப்பினாய், அவன் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பினான். மறுநாள் காலை மீன் ஏலம் விடுகிற இடத்தில் கூடைக்குக் கூடை எல்லப்பன் கூச்சல் கேட்டது. அவன் நடந்து வந்தால் எதிரில் வருகிறவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான். சின்னப் பிள்ளைகள்கூட விரித்தார்கள். கோவளத்தில் ஒரு வியாபாரி அவனிடம் மீனுக்கு விலை கேட்பதற்கு முன்னால் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் கேட்டானாம். எல்லப்பன் அவன் கூடையை உதைத்து மீனையெல்லாம் மணலில் போட்டு மிதித்துவிட்டு வந்தான்.

எங்கள் குப்பத்து வழக்கம் ஒன்று உனக்குச் சரியாகத் தெரியாது, நீ செங்கல்பட்டில் வளர்ந்தவன். பயந்தவனைப் படகில் ஏற்ற மாட்டார்கள். கடலில் ஒருத்தன் அரண்டால் படகே அரண்டுபோகும் என்று நினைப்பு. கோவளத்துக்குப் போய், தர்காவில் பாயை ஓதி மயிற்பீலியால் தடவச் சொல்லி, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தால் தீர்ந்தது, மறுபடி ஏறிக்கொள்ளலாம். யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை. ஆனால் எல்லப்பன் நினைப்பான். அவன் சின்னப் பிள்ளையாக முதல் தடவை கடலுக்குப் போனபோது அலையைப் பார்த்து அழுதான். எங்கள் அப்பா, உன் தாத்தா, பயம் தெளியட்டும் என்று அவன் அரைஞாண் கயிற்றைப் பிடித்து அப்படியே தண்ணீரில் எறிந்தார். தூக்கினார், மறுபடி எறிந்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, இனி அழமாட்டேன் என்று அவன் சொல்கிற வரைக்கும் விடவில்லை. கரைக்கு வந்த பிறகு காதிலிருந்து ரத்தம் வந்தது. அதைத் துடைத்தவள் நான். அன்றையிலிருந்து பயம் என்ற வார்த்தை அவனுக்குக் கெட்ட வார்த்தை.

அதனால்தான் படகில் அவனோடு போகிற தேசிங்கு, "ஒரு கயிறு கட்டிக்கினு வந்துடு எல்லப்பா, ஏறிக்கலாம்" என்று நல்லவிதமாகச் சொன்னபோது இவன் பாய்ந்திருக்கிறான்.

"நான் பயந்தேன்னு எவன்டா சொன்னான்?"

"எவன் சொல்லணும்? ஊரே செல்லுல பாத்துகினு கீது."

துடுப்பை எடுத்து தேசிங்கின் நெற்றியில் ஒரே போடு. புருவம் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, அவன் ஈரமணலில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் எல்லப்பனைக் கீழே தள்ளி, நெஞ்சிலும் விலாவிலும் மிதித்துவிட்டு, படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு ஒருத்தன் நின்றுகொண்டு போனான். அதைக் கரையில் கிடந்தபடி பார்த்திருக்கிறான். அங்கிருந்து நேராக நம் கடைக்குத்தான் வந்தான்.

மத்தியானம். ஒரே ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு கேபினில் இருந்தாள். எல்லப்பன் உடம்பெல்லாம் மணலோடு உள்ளே வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. உன் தலைமுடியைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கி, முகத்தைக் கீபோர்டில் மோதினான். எழுத்துக் கட்டைகள் பிய்த்துக்கொண்டு தெறித்தன. அப்புறம் உன் தலையை மானிட்டரோடு மோதினான். கண்ணாடி உடையவில்லை, உன் புருவம் உடைந்தது. ஒவ்வொரு மோதலுக்கும், "பாருடா, மீனு கீதா பாரு! நல்லா பாரு! கண்டுபுடி!" என்று கத்தினான். வெள்ளைக்காரப் பெண் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நீ முதலில் "மாமா, மாமா" என்றாய், அப்புறம் "அம்மா" என்றாய், அப்புறம் சத்தம் வரவில்லை. கீழே விழுந்த உன்னை அவன் விலாவில் மிதித்தான். உன் கையிலிருந்து செல்லைப் பிடுங்கி, யூ.பி.எஸ் பெட்டியைத் தூக்கி அதன்மேல் போட்டுப் போட்டு நசுக்கினான். அதற்கப்புறம் அதே பெட்டியை உன் தலைக்கு மேலே தூக்கினான்.

ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பி கதவோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்து அவன் வலது முழங்கையில் அடித்தேன். விறகு முறிகிற சத்தம் கேட்டது. பெட்டி விழுந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டாவது அடியும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது அவன் தடுக்கவில்லை, நகரவும் இல்லை, பார்த்துக்கொண்டே நின்றான். இருந்தும் அடித்தேன். இதைத்தான் உனக்கு முழுசாகத் தெரியாது என்று சொன்னேன். அவன் கை கோணலானதற்கு அவன் மிதிபட்டது காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. நான்தான். அன்றைக்கு அவன் இன்னும் ஒரு தடவை அந்தப் பெட்டியைத் தொட்டிருந்தால் தலையில் போட்டிருப்பேன், இன்றைக்கு ஜெயிலிலிருந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். இதற்காக என்னை மெச்சாதே, திட்டவும் திட்டாதே.

ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்ததும், கண்ணுக்கு ஆபரேஷன் செய்ததும், உன் அப்பா உட்கார்ந்து புகார் எழுதியதும் உனக்குத் தெரியும். அந்தப் புகார் ஸ்டேஷனுக்குப் போகாமல் குப்பத்துப் பஞ்சாயத்தோடு நின்றது. குப்பத்துப் பஞ்சாயத்தில் எல்லப்பன் மன்னிப்புக் கேட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதே. "இன்னும் ரெண்டு வெச்சிருக்கணும்" என்றுதான் சொன்னான், உடைந்த கையைத் துண்டில் கட்டிக்கொண்டு. நானும் சும்மா இல்லை. நாண்டுகினு சாவுடா என்று அத்தனை பேர் நடுவில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன். அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் யாரிடமோ கட்டுப்போட்டுக்கொண்டான், எலும்பு தப்பாகக் கூடிவிட்டது. அந்தக் கையால் வலை இழுக்க முடியாது. கோவளத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற கொட்டகையில் இடது கையால் கட்டை பிடித்து வேலை செய்கிறான். நாலு வருஷமாக நானும் அவனும் முகத்தில் முழிக்கவில்லை. அவன் மகள் சடங்குக்குக்கூட நான் போகவில்லை.

இப்போது பிரவுசிங் சென்டருக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லாரும் செல்லை நீட்டி மெமரி கார்டில் பாட்டு ஏற்றச் சொல்கிறார்கள். போன மாதம் படாளத்திலிருந்து சவாரி வந்த ஒரு ஆட்டோக்காரர் கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். இடம் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. எதை அழிக்கலாம் என்று பார்க்கப் போனேன். காமெடி என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் என் தம்பி இருந்தான். படாளத்துக்காரருக்கு அவன் யாரென்றுகூடத் தெரியாது. எத்தனை ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறதோ அது.

கடையில் யாரும் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த வீடியோவை முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் பார்த்தேன். நீயும் ஒரு தடவை அப்படிப் பார்த்திருந்தால் தேவலை. நீ சிரித்துச் சிரித்துத் தடுக்கி விழுந்ததாகத்தான் நம் வீட்டில் பேச்சு. அவன் பேயைப் பார்த்த மிரட்சியில் அன்றைக்கே உன்னை அடிக்க வந்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது இரண்டும் இல்லை. முகம் எழும்புகிறது, அவன் கத்துகிறான். கத்தும்போதே அவன் இடது கை உன் பக்கம் வருகிறது. படத்தில் அவன் உள்ளங்கை பெரிதாகத் தெரிகிறது, உன் நெஞ்சில் வைத்துப் பின்னால் தள்ளுகிறது. படம் தலைகீழாகி விட்டத்தில் ஓடுகிற ஃபேன் தெரிகிறது. அப்புறம் கீழே கிடக்கிற உன் செல்லிலிருந்து அவன் முதுகு. உனக்கும் அந்த ஸ்கிரீனுக்கும் நடுவில் நிற்கிறான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். வருகிறது எதுவானாலும் தன்மேல் வரட்டும் என்று நிற்கிறான், குமரா. அதைப் பார்த்துத்தான் நானும் ஊரும் சிரித்தோம். அதைத்தான் நாலு வருஷமாகச் சின்னப் பிள்ளைகள் அவனுக்குச் செய்து காட்டுகிறார்கள்.

சுனாமி வந்த அன்று காலையில் அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தான் என்று எனக்கே பிறகுதான் தெரியும். அவன் பெண்டாட்டி ஒரு தடவை அழுதுகொண்டே சொன்னாள். தண்ணீர் எழும்பி வந்தது, வடிந்தபோது அவன் கையில் பிள்ளை இல்லை. அதை அவன் யாரிடமும் பேசியதில்லை. அவனை அந்த ஸ்கிரீன் முன்னால் உட்காரவைத்தபோது அது உனக்குத் தெரியாது, எனக்கும் நினைவுக்கு வரவில்லை. விளையாட்டாகத் தண்ணீரைக் காட்டி, அதற்குள்ளிருந்து ஒன்றை எழும்பவிட்டோம்.

மறுநாள் கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். கொட்டகையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். பின்னால் போய் நின்று, "எல்லப்பா" என்றேன். அவன் துள்ளித் திரும்பி, கட்டையை ஓங்கிவிட்டான். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அது நின்றது.

"இன்னா, இந்தக் கையையும் ஒடைக்க வந்தியா?" என்றான்.

"ஒடைக்கணும்னா கம்பியோட வந்திருப்பேன்டா."

சிரிக்கவில்லை. கட்டையைக் கீழே வைத்தான். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அன்னிக்கு இன்னாத்துக்குடா கைய விரிச்சிக்கினு நின்ன?"

சிதறிக் கிடந்த ஐஸைக் காலால் ஓரமாகத் தள்ளினான். "தண்ணிக்குள்ளேருந்து எழும்பிச்சில்ல? புள்ள பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. அவ்ளோதான் தெரியும். திரும்பிப் பாத்தா புள்ளதான் சிரிச்சிகினு கீது" என்றான்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. அழுதால் அவனுக்குப் பிடிக்காது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தாய்மாமன் நீதான், மாலை போட வேண்டும், வந்துவிடு என்றேன். வரலை என்றான். இன்னும் ரோஷம் போகலையா என்று கேட்டேன்.

"ரோஷம் இல்லக்கா. என்னைப் பாத்தா அவன் பயப்படுவான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா வந்து எட்டிப் பாத்தேன். கட்டுப்போட்ட கண்ணோட கட்டில்ல சுவத்தாண்ட ஒண்டிக்கினான். நான் ஒன்னியும் பேசாம வந்துட்டேன். மாலையும் கழுத்துமா ஒக்காந்துகினு இருக்கிறப்ப புள்ள அப்படி ஒண்டக் கூடாது."

இதுதான் நான் சொல்ல வந்தது. அதனால் நீ தாலியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போகவேண்டிய அவசியமே இல்லை. அவன் வரமாட்டான். நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் முடிவு செய்துவிட்டான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதுவும் அதோடு சேர்ந்ததுதான். போன வாரம் நீ கட்டிக்கொள்ளப் போகிற மலர் வீட்டுக்கு வந்தபோது, நீ கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவளைப் பயமுறுத்தியதையும், அதைச் செல்லில் எடுத்து உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்டியதையும் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லும்போது கை நெஞ்சில் இருந்தது. அவள் எதைப் பார்த்து வளர்ந்தாள், எந்தச் சத்தத்துக்கு எதை நினைப்பாள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதே. ஒரே கூரைக்குக் கீழே தூங்கப் போகிறவள், உன் காலடிச் சத்தம் கேட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். மறுபடி அப்படி ஒரு வீடியோ எடுத்தாய் என்று கேள்விப்பட்டால் அந்த ஷட்டர் கம்பி இன்னும் கடையில்தான் இருக்கிறது.

எல்லப்பனை மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. உன் கண் பழுதானது உனக்குத்தான், அந்தக் கணக்கில் நான் தலையிட மாட்டேன். அவனுக்குப் பத்திரிகை வைக்க நானும் போகமாட்டேன், உன் அப்பாவையும் அனுப்ப மாட்டேன். எங்கள் பேச்சுக்கு அவன் வரமாட்டான். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, மணையில் மாலை போட உன் சித்தப்பா இருக்கிறார், கல்யாணம் ஒன்றும் நின்றுவிடாது. போகலாம் என்று உனக்கே தோன்றினால், காலையில் போ. கொட்டகையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பான். சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றுவிடாதே. தூரத்தில் வரும்போதே, நான்தான் மாமா, நான்தான் மாமா என்று குரல் கொடுத்துக்கொண்டே போ.

உன் அம்மா